மடியா, ஓசிடியா, ஆட்டிசமா?

கையை எத்தனை தடவை கழுவினாலும் எங்கள் பாலக்காட்டு அக்ரஹாரத்தில் யாருக்கும் சந்தேகம் வராது. மடி, ஆசாரம் என்று பெயர் தயாராக இருக்கிறது. "இந்தக் காலத்தில் இப்படி ஒரு பெண்ணா!" என்று அத்தைப்பாட்டி என்னைக் கொண்டாடினார். தோல் வெடித்து எரிகிற கையோடு பாராட்டு வாங்கியவள் நான். ஆனால் மடி பார்க்கிறவர் குளித்து மடி உடுத்தினால் வேலை முடிந்தது. எனக்கு முடிவதே இல்லை. கழுவாவிட்டால் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று மனம் மிரட்டும். கழுவிவிட்டால், சரியாகக் கழுவினாயா என்று கேட்கும். இது ஓசிடி: விடாமல் மிரட்டும் எண்ணத்துக்குப் பயந்து, செய்ததையே திரும்பச் செய்யவைக்கும் மனநோய்.

பாலக்காடு டவுன், புதுநகரம், வடகன்னிகாபுரம், கொல்லங்கோடு, முதலமடை, மீனாட்சிபுரம், ஆனைமலை ரோடு, பொள்ளாச்சி என்று ரயில் ஸ்டேஷன் பெயர்களை வரிசை பிசகாமல் சொல்லிக்கொண்டே துணி மடிப்பவளும் நான்தான். அந்தத் தடத்தை அகலப்பாதையாக்கி 2015இல் மறுபடி ரயில் விட்டபோது எனக்குத் தேர்த் திருவிழா. (உண்மையான கல்பாத்தித் தேரின்போது காதைப் பொத்திக்கொண்டு உள்ளறையில் இருப்பேன்.) இது ஆட்டிசம், பிறவியிலேயே மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு. யாரும் மிரட்டிச் சொல்லவைப்பதில்லை. இனிக்கிறது, சொல்கிறேன்.

வெளியே நின்று பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒரே புகார்தான்: 'செய்ததையே செய்கிறாள்.' ஆட்டிசம் பற்றி 1943இல் எழுதிய மனநல மருத்துவர் லியோ கானரே, எதுவும் மாறக்கூடாது என்ற அந்தப் பிடிவாதத்தைப் பதற்றமும் விடாப்பிடியான எண்ணமும் கலந்த ஆசையாகத்தான் விவரித்தார். குழப்பத்துக்கு வயது அதிகம்.

கோவையில் ஓர் ஆலோசகர் எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் எழுதி நிறுத்தச் சொன்னார். கை கழுவுவது, ஸ்டேஷன் பெயர்கள், காப்பிக்கு நான் எடுக்கும் அதே டம்ளர். எனக்கு இன்னமும் கோபம்தான். பயப்படும் பொருளைத் தொட்டுவிட்டு, கழுவாமல், பயம் தானாக இறங்கும்வரை உட்கார்ந்திருக்கும் சிகிச்சை 1960களிலிருந்து இருக்கிறது. ஓசிடிக்கு அது பலன் தருகிறது; எனக்கும் தந்தது. டம்ளர் விஷயத்தில் தானாக இறங்க என்ன பயம் இருக்கிறது? பிடுங்கினால் மிஞ்சுவது அழுகை மட்டும்.

கோடு எப்போதும் இவ்வளவு தெளிவாக இருக்காது. 'முதலமடையை விட்டுவிட்டாய், முதலிலிருந்து சொல், இல்லாவிட்டால் ரயில் கவிழும்' என்று ஒரு நாள் மனம் சொல்லும். அன்றைக்கு என் இனிப்பையும் ஓசிடி தின்றுவிட்டது என்று அர்த்தம். இதை நானே கவனித்துப் பிரித்தெடுக்க வேண்டியிருக்கிறது. பயம் பத்துக்கு எவ்வளவு என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. தொண்டை அடைக்கிறதா, வயிறு கலங்குகிறதா என்று கேட்டால் தெரியும்.

இப்போது பார்க்கும் மருத்துவர் அப்படித்தான் கேட்கிறார். முதல் நாளே, "இதைச் செய்யாமல் விட்டால் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்?" என்றார். கை கழுவுவதைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். டம்ளரைப் பற்றிக் கேட்டபோது, "காப்பி நன்றாக இருக்காது" என்றேன். அவர் அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்.