ரோஷனைக் கொன்றபின் எங்கே போகிறீர்கள்?

ஐந்து ஐந்து பேராக இரண்டு அணிகள் மோதி எதிரியின் தளத்தை உடைக்கும் கணினி விளையாட்டு டோட்டா 2. அதை ஆடுகிறவர்கள் அடிக்கடி பார்க்கும் காட்சி இது. 22வது நிமிடம், ஆற்றில் சண்டை, எதிரணியில் நான்கு பேர் காலி. நம் டீமில் இரண்டு பேர் தப்பித்த ஐந்தாவது ஆளைத் துரத்திக்கொண்டு காட்டுக்குள் ஓடுகிறார்கள். கேரி (ஆட்டத்தின் பிற்பகுதியில் பலமாக அடிக்கவேண்டியவர்) ஃபார்ம் பண்ண, அதாவது காசு சேர்க்கப் போய்விடுகிறார். மிட் (நடுப் பாதையில் ஆடுபவர்) தனியாக எதிரியின் காவல் கோபுரமான டவரைத் தட்டுகிறார். மற்றவர்களுக்கு உதவும் சப்போர்ட் மட்டும் ரோஷ், அதாவது ரோஷன் என்ற பெரிய அரக்கனின் குகை வாசலில் நின்று பிங் (மேப்பில் சைகை) போட்டுக்கொண்டே இருக்கிறார். கொஞ்ச நேரத்தில் செத்த நால்வரும் எழுந்து வந்துவிடுகிறார்கள். ஸ்கோரில் நான்கு கில் கூடியிருக்கிறது. மேப்பில் ஒரு கல்கூடப் பெயரவில்லை.

அப்புறம் சாட்டில் வழக்கமான சண்டை: கில் முக்கியமா, டவர் முக்கியமா? கேள்வியே தப்பு என்பேன். ரோஷன், டவர், பாரக்ஸ் (தளத்துக்குள் இருக்கும் படைவீடு) எல்லாமே ஒரு திட்டத்தின் நடுவில் வரவேண்டிய வேலைகள். முன்னால் என்ன செய்தோம், பின்னால் எங்கே போகப்போகிறோம் என்பது தெரியாமல் எடுத்த ஏஜிஸ் (ரோஷனைக் கொன்றால் கிடைக்கும், செத்தவரை ஒருமுறை எழுப்பும் பொருள்) பையில் கிடந்தே காலாவதியாகும்.

கணக்கைப் பாருங்கள். ஏஜிஸின் ஆயுள் 5 நிமிடம். க்ரீப் (தானாக நடந்து போய்ச் சண்டையிடும் சிறு படை) அலை 30 வினாடிக்கு ஒருமுறை வருகிறது. ஆக, உங்கள் கையில் இருப்பது மொத்தம் 10 அலை. வீட்டுக்குப் போய் ரத்தம் ஏற்றி, பொருள் வாங்கித் திரும்ப ஒன்றோ இரண்டோ அலை போய்விடும். கட்டடங்களைச் சில வினாடி அடி விழாமல் காக்கும் கிளிஃபை எதிரி போட்டால் இன்னொரு அலை வீண். எதிரியின் தளம் இருக்கும் மேட்டுக்குக் கீழே நின்று "போலாமா, வேண்டாமா" என்று தயங்குவதில் இரண்டு. மிச்சம் ஐந்து, ஆறு அலைதான் உண்மையான முற்றுகைக்கு. ஏஜிஸ் எடுத்தவர் அந்த நேரத்தில் காட்டில் இரண்டு கேம்ப் (காசு தரும் மிருகக் கூட்டம்) அடித்துவிட்டு வருகிறேன் என்று போனால், ரோஷனை அடிக்காமலே இருந்திருக்கலாம்.

அதனால் ரோஷ் வேலை குகையில் தொடங்குவதில்லை, க்ரீப் நடந்து வரும் பாதையான லேனில் தொடங்குகிறது. குகைக்குள் போவதற்கு 30 முதல் 45 வினாடிக்கு முன்பே பக்க லேன்கள் இரண்டையும் தள்ளிவிட வேண்டும். குகைக்குத் தூரமான லேனை இன்னும் ஆழமாக. காரணம் இரண்டு. அலை டவருக்கடியில் போனால் எதிரணியில் யாராவது வந்து அடித்தே ஆகவேண்டும். வந்தவர் மினிமேப்பில் தெரிவார், தெரிந்தவர் குகை வாசலில் இல்லை. இன்னொன்று, டி2 (இரண்டாம் வரிசை) டவர் தொடங்கி உள்ளே இருக்கும் கட்டடங்களுக்கெல்லாம் பேக்டோர் பாதுகாப்பு உண்டு. உங்கள் க்ரீப் பக்கத்தில் இல்லாவிட்டால் அடி குறைவாகத்தான் விழும், விழுந்ததும் ஆறிவிடும். ஏஜிஸோடு டவர் முன்னால் போய் நின்று, க்ரீப் வரட்டும் என்று காத்திருக்கும் டீம்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அலையை முன்பே தள்ளியிருந்தால் அந்தக் காத்திருப்பே தேவைப்பட்டிருக்காது.

குகைக்குள் ஐந்து பேரும் போகக்கூடாது. வாசல் ஒன்றுதான், இடம் குறுகல், பரப்பில் விழும் எந்த ஸ்பெல்லும் எல்லோர் மேலும் விழும். 2015 ஆகஸ்டில் சியாட்டிலில் நடந்த ஐந்தாவது 'தி இன்டர்நேஷனல்' (டோட்டா 2 உலகப் போட்டி) இறுதிப் போட்டியை ஒருமுறை போட்டுப் பாருங்கள். எவில் ஜீனியசஸ் 2-1 என்று முன்னிலை. நான்காவது ஆட்டத்தில் சிடிஇசி டீம் ரோஷன் குகைக்குள் கூடியிருக்கிறது. எவில் ஜீனியசஸ் ஆட்டக்காரர் பிபிடியின் ஹீரோ ஏன்ஷியன்ட் ஆபரிஷன் எறிந்த ஐஸ் ப்ளாஸ்ட் உள்ளே விழுகிறது, ரத்தம் ஏறும் வழி அடைபடுகிறது. பின்னாலேயே அதே அணியின் யூனிவர்ஸ் ஆடிய எர்த்ஷேக்கரின் எக்கோ ஸ்லாம். பக்கத்தில் எத்தனை எதிரி இருக்கிறார்களோ அத்தனைக்கும் அடி கூடும் ஸ்பெல் அது. அந்தச் சண்டையில் ஆட்டம் கைமாறியது, எவில் ஜீனியசஸ் 3-1 என்று கோப்பையையும் 66 லட்சம் டாலருக்கு மேலான பரிசையும் வாங்கிப் போனது. யூனிவர்ஸின் ஸ்லாமைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அவ்வளவு பேர் ஒரே இடத்தில் நெருக்கமாக நின்றிருக்காவிட்டால் அந்த ஸ்லாம் இல்லை என்பதைத்தான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நடைமுறையில்: அடிப்பவர் இரண்டு பேர், தாங்குபவர் ஒருவர், மற்ற இருவர் வெளியே மேட்டில். டெசொலேட்டர் மாதிரி கவசத்தைக் குறைக்கும் பொருள் இருந்தால், அல்லது உர்சா மாதிரி ஹீரோ இருந்தால், உள்ளே இரண்டு பேரே போதும். குகைக்குள் மறைந்திருப்பதைக் காட்டும் ஒரு சென்ட்ரி வைத்து, எதிரியின் வார்டு (பார்வை தரும் கண்) இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். உங்கள் அப்சர்வர் வார்டு குகையைப் பார்க்க வேண்டாம், எதிரி வரும் பாதையைப் பார்க்க வேண்டும். ரோஷன் சாவதை வார்டு வைத்துப் பார்த்து என்ன ஆகப்போகிறது?

பெரும்பாலான டீம்கள் தோற்பது பாதி ரத்தத்தில். ரோஷனுக்குப் பாதி போயிருக்கும்போது எதிரி வருகிறார்கள். இரண்டு பேர் "முடிச்சிடலாம்டா" என்று உள்ளே அடித்துக்கொண்டிருக்க, மூன்று பேர் வெளியே சண்டை போடுகிறார்கள். இரண்டும் நடக்காது. அந்த நேரத்தில் ஒரு குரல்தான் கேட்கவேண்டும்: முடி, அல்லது விடு. அது யாருடைய குரல் என்பதை ட்ராஃப்ட் (ஹீரோ தேர்வு) முடிந்ததுமே பேசிவைத்துக்கொள்ளுங்கள். தவறான முடிவை ஐந்து பேரும் சேர்ந்து செய்தால்கூடப் பிழைக்க வழி உண்டு, பிரிந்து செய்தால் இல்லை. "விடு" என்று வந்தால் எல்லோரும் வெளியே வந்து, வெளியேதான் சண்டை. ரோஷன் எங்கும் ஓடிப்போகாது.

ஏஜிஸ் யாருக்கு? கேரிக்குத்தான் என்று கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பதை நான் ஏற்கவில்லை. எதிரி அறிவாளியாக இருந்தால் ஏஜிஸ் வைத்திருப்பவரை விட்டுவிட்டு மற்ற நால்வரையும் கொல்வான். எனவே எதிரியால் ஒதுக்கிவிட முடியாத ஆளிடம் அது இருக்கவேண்டும். கேரியிடம் பைபேக் (செத்ததும் காசு கொடுத்து உடனே எழுவது) இல்லையென்றால் கேரிக்கே. கேரியிடம் பைபேக் காசு இருந்து, முதலில் பாய்ந்து சண்டையைத் தொடங்குபவர் உங்கள் மிட் என்றால், மிட்டுக்குக் கொடுப்பதே பெரும்பாலும் சரி. ஒருமுறை பைபேக் செய்தால் அடுத்ததற்கு 8 நிமிடம் என்பதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி எதிர்ப்பக்கம். அவர்கள் ரோஷ் அடிக்கிறார்கள், உங்களால் சண்டைக்குப் போக முடியாது என்று தெரிகிறது. அப்படியும் ஒவ்வொருவராகப் போய்ச் சாவதுதான் நம் ஊர் வழக்கமாக இருக்கிறது. விட்டுக்கொடுத்துவிட்டு மேப்பின் மறுபக்கத்தில் ஒரு டவரை எடுங்கள். பிறகு அந்த 5 நிமிடமும் சண்டை கொடுக்காமல் மேட்டில் நின்று அலையை மட்டும் கொல்லுங்கள். கிளிஃபை டவர் சாகும் தறுவாய்வரை வைத்திருக்காமல், எதிரியின் பெரிய அலை வந்து சேர்ந்ததும் போடுங்கள், அந்த அலையே செத்துவிடும். சண்டையில் ஈடு கொடுக்க முடியாத இடத்தில் கட்டடத்தால் ஈடு கட்டுவதற்கு 2013 இன்டர்நேஷனல் இறுதிப் போட்டியைவிட நல்ல பாடம் கிடையாது. அலையன்ஸ், நாவி, 2-2 சமநிலை, ஐந்தாவது ஆட்டம். அலையன்ஸ் அணியின் அட்மிரல்புல்டாக் ஆடும் நேச்சர்ஸ் ப்ராஃபெட் லேன்களில் கட்டடங்களை உடைத்துக்கொண்டே போகிறது. வீட்டைக் காக்க டெலிபோர்ட் போட்ட நாவி ஆட்களை அலையன்ஸின் எஸ்4 தன் ஹீரோ பக்கின் ட்ரீம் காயில் ஸ்பெல்லால் நிறுத்துகிறார். அந்த ஒரு ஸ்பெல் ஒரு ஹீரோவைக்கூடக் கொல்லவேண்டியிருக்கவில்லை, திரும்பிப் போகவிடாமல் செய்ததே போதுமாக இருந்தது.

கடைசியாக நேரம். சப்போர்ட் ஆடுகிறவர்கள் இதைத் தாளில் எழுதி ஒட்டிக்கொண்டாலும் தகும். ரோஷன் செத்து 8 முதல் 11 நிமிடத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் திரும்ப வரும். 22:15க்குச் செத்தது என்று வையுங்கள். உடனே எடுத்த ஏஜிஸ் 27:15க்குப் போய்விடும். அடுத்த ரோஷன் 30:15க்கும் 33:15க்கும் நடுவில். இடையில் இருக்கும் 3 நிமிடத்தில் ஏஜிஸும் இல்லை, ரோஷனும் இல்லை. பொருள் முடிக்க, பக்க லேனைச் சீர்செய்ய, பைபேக் காசு சேர்க்க அதுதான் நேரம். அப்சர்வர் வார்டு 6 நிமிடம் நிற்கும். 29:45க்கு வைத்தால் 35:45 வரை, அதாவது ரோஷன் வரக்கூடிய 3 நிமிடமும் ஒரே வார்டில் அடங்கிவிடும். 27க்கே வைத்தால் 33க்குச் செத்துப்போகும், கடைசி 15 வினாடிக்குக் கண் இருக்காது. 2023 ஏப்ரலில் வந்த 7.33 பதிப்பு இரண்டு குகைகளைக் கொண்டுவந்து, பகல் இரவு மாறும்போது ரோஷனை இடம் மாற்றியதிலிருந்து, வார்டு வைக்கும் முன் இன்னொன்றும் பார்க்கவேண்டியிருக்கிறது. பகல் 5 நிமிடம், இரவு 5 நிமிடம். 30 முதல் 35 வரை பகல். மேலே சொன்ன உதாரணத்தில் ரோஷன் எந்த நிமிடத்தில் வந்தாலும் பகல் குகையில்தான் இருக்கும். இரவு குகைக்கு ஒரு வார்டுகூடச் செலவழிக்க வேண்டாம்.