பிலிப் மோரிஸ் வழக்கில் தீர்ப்பாயம் சொன்னதும் சொல்லாததும்

"சிகரெட் பெட்டிச் சட்டம் சரியென்று சர்வதேசத் தீர்ப்பாயமே சொல்லிவிட்டது, ஆஸ்திரேலியா ஜெயித்தது, முதலீட்டு ஒப்பந்தங்களைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம்" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். சிகரெட் நிறுவனமான பிலிப் மோரிஸ், பெட்டிகளில் லோகோ கூடாது என்ற ஆஸ்திரேலியச் சட்டத்தை எதிர்த்துப் போட்ட வழக்கு அது. முதலீட்டு ஒப்பந்தம் என்பது, வெளிநாட்டு முதலீட்டாளர் ஓர் அரசின் மீது சர்வதேசத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட வழி தரும் ஒப்பந்தம். ஆஸ்திரேலியா ஜெயித்தது உண்மை. ஆனால் அந்தத் தீர்ப்பாயம் சட்டம் சரியா தவறா என்ற கேள்விக்குள் போகவே இல்லை.

நடந்தது இது. லோகோ இல்லாத பெட்டித் திட்டத்தை ஆஸ்திரேலிய அரசு 2010 ஏப்ரலில் அறிவித்தது. 2011 பிப்ரவரியில்தான் ஹாங்காங்கில் உள்ள பிலிப் மோரிஸ் ஏஷியா, ஆஸ்திரேலியக் கிளையின் பங்குகளை வாங்கியது. பிறகு 1993ஆம் ஆண்டின் ஹாங்காங்–ஆஸ்திரேலியா முதலீட்டு ஒப்பந்தத்தைக் காட்டி வழக்குப் போட்டது. தகராறு வரும் என்று தெரிந்தே, வழக்குப் போடுவதற்காகவே செய்த பங்கு மாற்றம் இது, உரிமையைத் துஷ்பிரயோகம் செய்வது என்று 2015 டிசம்பரில் வழக்கைத் தள்ளினார்கள். பங்கு முன்பே கைமாறியிருந்தால் இந்தக் காரணம் நின்றிருக்காது.

சட்டத்தின் தகுதியை ஆராய்ந்த தீர்ப்பு வேண்டுமென்றால் உருகுவே மீது பிலிப் மோரிஸ் போட்ட வழக்கைப் பாருங்கள். பெட்டியில் 80 சதவீத எச்சரிக்கை, ஒரு பிராண்டுக்கு ஒரே வகை என்ற இரண்டு விதிகளும் 2016 ஜூலையில் நின்றன. இரண்டாவது விதியில் நடுவர்கள் மூவரில் ஒருவர் உடன்படவில்லை. அங்கே நிறுவனம் 70 லட்சம் டாலர் செலவுத் தொகை கொடுக்க வேண்டியிருந்தது.

ஆஸ்திரேலியாவுக்கோ செலவில் பாதிதான் திரும்பியது. மீதி, சுமார் 1.2 கோடி ஆஸ்திரேலிய டாலர், வரிப்பணம். இந்த வழக்கு முடியட்டும் என்று நியூசிலாந்து தன் சட்டத்தை நிறுத்தி வைத்திருந்தது. முதலீட்டு ஒப்பந்தங்கள் மீது மக்களுக்குள்ள சந்தேகத்துக்கு இவைதான் அடிப்படை. அதை வெறும் பயம் என்று ஒதுக்குவது நியாயமில்லை.