மொத்தம் எவ்வளவு என்று கேட்டால் தரவரிசையைச் சொல்கிறார்கள்

நான்கு ஆண்டுக்கும் சேர்த்து மொத்தம் எவ்வளவு ஆகும் என்று ஒரு பொறியியல் கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். கேட்டது அந்த ஒரே கேள்விதான். பேசி முடிப்பதற்குள் அந்தக் கல்லூரி எப்போது தொடங்கப்பட்டது, நூலகம் எத்தனை மாடி, முன்னாள் மாணவர்களில் யார் யார் எந்தப் பெரிய நிறுவனத்தில் இருக்கிறார்கள், தரவரிசையில் எத்தனை இடம் முன்னேறியிருக்கிறார்கள் என்பதையெல்லாம் சொல்லிவிட்டார்கள். தொகையை மட்டும் சொல்லவில்லை.

என் தங்கை மகனுக்கு இரண்டு இடங்களில் இயந்திரப் பொறியியல் கிடைத்திருக்கிறது. ஒன்று ஊரறிந்த பெயர். உதவித்தொகை ஒரு காசு கிடையாது. மற்றொன்றின் பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்கு எங்கே இருக்கிறது என்றே தெரியாது. ஆனால் கட்டணத்தில் பெரும்பகுதியை அவர்களே தள்ளுபடி செய்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இரண்டு தொகைகள் வேண்டும். பெயரில்லாத கல்லூரி, விடுதி, புத்தகம், தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஆண்டுவாரியாக ஒரே தாளில் எழுதி அனுப்பிவிட்டது. பெயர் பெற்ற கல்லூரியிடம் அந்தத் தாளைப் பெறுவதற்குத்தான் இத்தனை பாடு.

முதலில் பேசியவர், கட்டண விவரம் கையேட்டில் இருக்கிறது என்றார். கையேடு என் மேசையில் திறந்துதான் இருந்தது. அதில் முதலாண்டின் பயிற்றுக் கட்டணம் மட்டுமே அச்சிடப்பட்டிருந்தது. இரண்டாம் ஆண்டுக்கு எவ்வளவு என்றேன். அதை ஆட்சிக்குழு அந்தந்த ஆண்டில் முடிவு செய்யும் என்றார். கடந்த ஆண்டுகளில் எவ்வளவு உயர்த்தினார்கள் என்றாவது சொல்லுங்கள் என்றேன். அந்த விவரம் தம்மிடம் இல்லை என்று வேறொருவருக்கு இணைப்பை மாற்றினார். காத்திருக்கும் நேரம் முழுவதும் அந்தக் கல்லூரியின் பெருமைகளைச் சொல்லும் ஒலிப்பதிவு காதில் ஓடிக்கொண்டே இருந்தது.

அடுத்து வந்தவரிடம் விடுதியைப் பற்றிக் கேட்டேன். முதலாண்டில் விடுதியில் தங்குவது கட்டாயம் என்றார். கட்டணம் எவ்வளவு என்றேன். அறையைப் பொறுத்தது என்றார். இருப்பதிலேயே குறைந்த வாடகை அறைக்கு எவ்வளவு என்றேன். எந்த அறை காலியாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்றார். காலியாக இருக்கும் அறை எது என்றேன். அது மாணவர் சேர்ந்த பிறகுதான் தெரியும் என்றார். ஆய்வகக் கட்டணம் தனியா என்று கேட்டதற்கு, பாடப்பிரிவைப் பொறுத்தது என்றார். பாடப்பிரிவு இயந்திரப் பொறியியல் என்பதைப் பேச்சின் முதல் வரியிலேயே சொல்லியிருந்தேன்; மறுபடியும் சொன்னேன். அதற்குப் பதில் வரவில்லை. மூன்றாவது ஒருவர் வந்தார். அவர் உயர் பொறுப்பில் இருப்பவராம். ‘சார், இதைச் செலவு என்று பார்க்காதீர்கள், முதலீடு என்று பாருங்கள்’ என்று தொடங்கினார். முதலீடு என்றால் எவ்வளவு போட வேண்டும் என்பதுதானே முதலில் தெரிய வேண்டும் என்று கேட்டேன். அதற்கு அவர் கொஞ்சம் நிறுத்தி, ‘இவ்வளவு கணக்குப் பார்ப்பவர்களுக்கு எங்கள் கல்லூரி ஒத்துவராமல் போகலாம்’ என்றார்.

அந்த வாக்கியத்தை என்னால் மறக்க முடியவில்லை. பொறியியல் படிக்கப் போகும் ஒரு மாணவனின் வீட்டாரிடம், கணக்குப் பார்க்கிறீர்கள் என்று குற்றம் சொல்கிறார்கள். ஒரு பாலத்துக்கு எவ்வளவு இரும்பு தேவை, அதற்கு என்ன செலவாகும் என்று மதிப்பிடுவதைத்தானே நான்கு ஆண்டுகள் உட்கார வைத்துச் சொல்லித்தரப் போகிறார்கள்? தங்கள் படிப்பின் விலையை மதிப்பிட்டுச் சொல்ல மட்டும் அவர்களால் ஏன் முடியவில்லை?

அவர்கள் சொல்லாததால் கணக்கை நானே போட்டேன். முதலாண்டுக் கட்டணம் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 8 சதவீதம் உயர்ந்தால் நான்கு ஆண்டுக்கு 400 வராது, சுமார் 451 வரும். முதலாண்டுக் கட்டணத்தில் பாதி யாரும் சொல்லாமலே கூடிவிடுகிறது. இனி கடன். மொத்தம் 100 கடன் வாங்குவதாகவும், ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் 25 வீதம் பெறுவதாகவும், வட்டி 10 சதவீதம் என்றும் கொள்வோம். படிக்கும் காலத்தில் தனிவட்டியே ஏறினாலும், படிப்பு முடியும் நாளில் கடன் 125 ஆகியிருக்கும். அதைப் பத்தாண்டு மாதத் தவணையில் அடைத்தால் கட்டி முடிக்கும் தொகை சுமார் 198. அதாவது வாங்கியதைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பதினெட்டு வயதில் கையெழுத்துப் போடும் பிள்ளை முப்பத்திரண்டு வயது வரை அதைச் சுமக்க வேண்டும். ‘கடன் கிடைக்கும், கவலைப்படாதீர்கள்’ என்று புன்னகையோடு சொல்கிறவர்களில் ஒருவராவது இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டியதுண்டா?

இத்தனைக்கும் எதை நம்பி அந்தப் பெயருக்கு விலை கொடுக்கிறோம்? தரவரிசையை நம்பி. அந்தத் தரவரிசை எப்படி உருவாகிறது என்று பார்த்தால் கோபம் இன்னும் ஏறுகிறது. அமெரிக்காவின் யூ.எஸ். நியூஸ் இதழ் இளநிலைப் பொறியியல் கல்லூரிகளை வரிசைப்படுத்தியது பல்லாண்டுகளாக ஒரே ஓர் அடிப்படையில்தான்: பொறியியல் கல்லூரிகளின் முதல்வர்களும் மூத்த பேராசிரியர்களும் மற்றக் கல்லூரிகளுக்கு 1 முதல் 5 வரை போடும் மதிப்பெண். கற்பித்தலின் தரமோ, கட்டணமோ, படித்து முடித்தவர்களின் கடனோ அதில் இல்லை. பெயர் பெற்ற கல்லூரிக்குப் பெயர் இருப்பதாலேயே மதிப்பெண் விழுகிறது. மதிப்பெண் விழுந்ததால் பெயர் வளர்கிறது. உலகப் பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்தும் கியூ.எஸ். பட்டியலிலும் கல்வியாளர்களிடையே உள்ள நற்பெயருக்கு நெடுங்காலம் 40 சதவீதம் ஒதுக்கியிருந்தார்கள். 2023இல்தான் அதை 30 ஆகக் குறைத்தார்கள். கல்லூரிகள் தாங்களே தரும் விவரங்களின் நம்பகத்தன்மையையும் பார்த்துவிட்டோம். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் யூ.எஸ். நியூஸ் தரவரிசைக்குக் கொடுத்த புள்ளிவிவரங்கள் தவறானவை என்று அங்கேயே கணிதம் கற்பிக்கும் பேராசிரியர் மைக்கேல் தாடியஸ் 2022இல் விரிவாக எழுதினார். அந்தத் தரவரிசையில் இரண்டாம் இடத்தில் இருந்த பல்கலைக்கழகம் அதே ஆண்டில் பதினெட்டாம் இடத்துக்கு இறங்கியது. அந்தச் சில மாதங்களில் அங்கே பாடம் நடத்தியவர்கள் மாறவில்லை, ஆய்வகம் மாறவில்லை. அப்படியானால் அந்தப் பதினாறு இடங்களுக்கு மாணவர்கள் கொடுத்த விலை எதற்காக?

பெயரால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. வேலைக்கு ஆளெடுக்கப் பெரிய நிறுவனங்கள் தேடி வரும், உடன் படிப்பவர்கள் உந்துதலாக இருப்பார்கள், ஆராய்ச்சிக்குப் போக விரும்புபவருக்குக் கதவுகள் எளிதில் திறக்கும். அதற்கு எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கலாம் என்பதுதான் கேள்வி. ஸ்டேசி டேல், ஆலன் குரூகர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், 1976இல் அமெரிக்கக் கல்லூரிகளில் சேர்ந்தவர்களின் பிற்கால வருமானத்தை ஒப்பிட்டார்கள். ஒரே வகைக் கல்லூரிகளில் இடம் கிடைத்தவர்களில், கடுமையாக வடிகட்டிச் சேர்க்கும் கல்லூரிக்குப் போனவர்களும் அதை விட்டுவிட்டு வேறிடம் போனவர்களும் ஏறக்குறைய ஒரே அளவுதான் சம்பாதித்தார்கள். விலக்காக இருந்தவர்கள் வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள். அவர்களுக்கு அத்தகைய கல்லூரியால் பலன் இருந்தது. யாருக்கு அந்தப் பெயர் உண்மையிலேயே உதவுகிறதோ அவர்களிடம்தான் ‘கணக்குப் பார்ப்பவர்களுக்கு ஒத்துவராது’ என்று சொல்லி வாசலில் நிறுத்துகிறார்கள். இதைவிடக் கொடுமை என்ன இருக்கிறது?

பெயர் என்றால் விலை இருக்கத்தான் செய்யும் என்று என் பெரியப்பா மகன் சமாதானம் சொன்னார். ஐன்ஸ்டீன் படித்த சூரிச் ஈ.டி.எச். பல்கலைக்கழகம் உலகின் தலைசிறந்த பொறியியல் நிறுவனங்களில் ஒன்று. சுவிட்சர்லாந்து மாணவர்களிடம் ஒரு பருவத்துக்கு அது வாங்கும் பயிற்றுக் கட்டணம் 730 பிராங்க். சாதாரண வருமானமுள்ள எந்தச் சுவிஸ் குடும்பமும் கட்டக்கூடிய தொகை அது. அரசு பொறுப்பேற்றால் பெயரும் வளரும், விலையும் கைக்குள் இருக்கும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும் என்று கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார்.

இயந்திரப் பொறியியலின் முதல் இரண்டு ஆண்டுகளில் எல்லா இடத்திலும் ஏறத்தாழ ஒரே பாடங்கள்தான்: நுண்கணிதம், விசையியல், வெப்ப இயக்கவியல், பொருள்களின் வலிமை. பட்டங்கள் நாடுகளுக்கிடையே ஏற்கப்பட வேண்டும் என்பதற்காக 1989இலேயே வாஷிங்டன் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன் கீழ் அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவா என்று பார்ப்பது எந்தத் தரவரிசையையும்விட முக்கியம். அந்தப் பெயரில்லாத கல்லூரிக்கு அந்த அங்கீகாரம் இருக்கிறது. இதை வீட்டில் சொன்னால் யாரும் காது கொடுப்பதில்லை. ‘கல்யாணத்தில் நாலு பேர் கேட்டால் என்ன பேர் சொல்வது’ என்கிறார்கள். அந்த நாலு பேரில் ஒருவர்கூடத் தவணை கட்டப் போவதில்லை.

பெயர் பெற்ற கல்லூரியின் கையேட்டில் ‘அதிகபட்சச் சம்பளம்’ என்று ஒரு பக்கம் முழுவதும் ஒரே ஓர் எண். அது ஒரு மாணவர் பெற்ற சம்பளம். வகுப்பின் நடுவில் நிற்கும் மாணவர் எவ்வளவு பெற்றார், இயந்திரப் பொறியியலில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எத்தனை பேர் தங்கள் துறையிலேயே வேலை பெற்றார்கள் என்று அந்த மூன்றாமவரிடமே கேட்டிருந்தேன். மின்னஞ்சலில் அனுப்புவதாகச் சொன்னார். இன்று காலை மின்னஞ்சல் வந்தது. இடத்தை உறுதிசெய்ய முன்பணம் கட்ட வேண்டும், கடைசி நாள் வரும் வெள்ளிக்கிழமை, எக்காரணம் கொண்டும் அந்தப் பணம் திருப்பித் தரப்படாது என்று மூன்றே வரிகளில், எந்தக் குழப்பமும் இல்லாமல் எழுதியிருந்தார்கள். மற்றக் கல்லூரி உதவித்தொகையின் இறுதி ஆணையை அனுப்புவதாகச் சொன்ன நாள் அதற்கு அடுத்த திங்கட்கிழமை.