சந்தா இல்லாமலே கம்ப்யூட்டரில் பார்க்கலாம்

‘விலை குறைந்த வைஃபை கேமராவை கம்ப்யூட்டரில் பார்க்க மாதச் சந்தா கட்டியே ஆகவேண்டும்’ என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்களே, அது தவறுங்க. இதை நம்பி யாரும் பணம் கட்டிவிடக் கூடாது. டேபோ சி200 போன்ற, மின் இணைப்பில் ஓடும் கேமராக்களில் ஆர்டிஎஸ்பி வசதி, அதாவது கேமராப் படத்தை நெட்வொர்க் வழியாக மற்ற கருவிகளுக்கு நேரடியாக அனுப்பும் வசதி, இருக்கிறது. மொபைல் செயலியில் ‘கேமரா அக்கவுண்ட்’ என்று தனியாக ஒரு பெயரும் பாஸ்வேர்டும் உருவாக்கி, அவற்றோடு கேமராவின் ஐபி முகவரியையும் (நெட்வொர்க்கில் அதற்குள்ள எண்) 554 என்ற போர்ட்டையும் (இணைப்பு வாசல் எண்) சேர்த்து, rtsp://பெயர்:பாஸ்வேர்டு@ஐபி முகவரி:554/stream1 என்ற வடிவில், கம்ப்யூட்டரில் வீடியோ பார்க்கும் மென்பொருளான விஎல்சி பிளேயரில் ‘ஓபன் நெட்வொர்க் ஸ்ட்ரீம்’ பகுதியில் கொடுத்தால் படம் நேராக வந்துவிடும், கேமராவும் கம்ப்யூட்டரும் ஒரே வைஃபையில் இருந்தால் போதும். பேட்டரியில் ஓடும் மாடல்கள் பலவற்றில் இந்த வசதி கிடையாது, வாங்குமுன் பாருங்கள். அப்புறம், வெளியூரிலிருந்து பார்க்க ரவுட்டரில் அந்த போர்ட்டைத் திறந்துவிடச் சொன்னீர்களே, அதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள், வீட்டுக்குள் நடப்பதை யார் வேண்டுமானாலும் எட்டிப்பார்க்க வழியாகிவிடும்.