வெல்டிங் வேண்டாம், வளைத்தாலே போதும்

மலையேற்ற முதுகுப்பையை நாமே செய்யும்போது, அதை விறைப்பாக நிறுத்தும் உள்சட்டகத்துக்கு அலுமினியக் குழாயை வெல்டிங் செய்யச் சொல்கிறார்கள் சிலர், அது மட்டும் வேண்டாமே. 6061-டி6 வகை அலுமினியம் (சூட்டில் பதப்படுத்திப் பலமாக்கிய கலவை) வெல்டிங்கில் சூடுபட்ட இடத்தில் நிறைய பலம் இழந்துவிடும், அப்புறம் முறிவதும் அங்கேதான். 6 மி.மீ. தடிமனுள்ள அலுமினியக் கம்பி இரண்டு, 55 செ.மீ. நீளத்தில் வாங்கி முதுகு வளைவுக்கு மெதுவாக வளைத்தாலே பத்து கிலோ சுமைக்குப் போதும், இரண்டும் சேர்ந்து சுமார் 85 கிராம்தான், இதே அளவு இரும்பு என்றால் 240 கிராமைத் தாண்டும்.

நீளத்தில்தான் கவனம் வேண்டும். குனிந்தால் கழுத்தடியில் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரை அளந்து, கொஞ்சம் கூடுதலாக வெட்டுங்கள். கம்பியின் அடிமுனை இடுப்புப் பட்டையில் போய் உட்கார வேண்டும், வெறுமனே பையின் அடித்துணியில் நின்றால் எடையெல்லாம் தோளுக்குத்தான் வரும், தருமபுரி பக்கத்து வத்தல்மலை ஏற்றத்தில் அது நன்றாகவே தெரியும். முனைகளுக்கு ரப்பர் மூடி கட்டாயம், துணி கிழியாது.

அலுமினியம் கிடைக்காதவர்கள் தருமபுரி, தேன்கனிக்கோட்டை பக்கம் கூடை பின்னுகிறவர்களிடம் காய்ந்த மூங்கில் பிளாச்சு கேட்டுப் பாருங்கள். வெளித்தோல் பக்கத்தை மட்டும் சீவிவிடாதீர்கள், நாரும் பலமும் அங்கேதான் அதிகம்.