குடலில் சுரப்பது மூளைக்குப் போகாது, அண்ணே
‘செரோடோனினில் 90 சதவீதம் குடலில்தான் உருவாகிறது; தினமும் பழைய சோறு சாப்பிட்டால் மனச்சோர்வு போய்விடும், மாத்திரையே வேண்டாம்’ என்று மேலே எழுதிய அண்ணனுக்கு: முதல் பாதி சரி. செரோடோனின் என்பது நரம்புகள் சேதி அனுப்பப் பயன்படுத்தும், மனநிலையோடு தொடர்புள்ள ஒரு வேதிப்பொருள். ஆனால் அந்தச் செரோடோனின் மூளைக்குள் நுழையாது. இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் இருக்கும் தடுப்பு அதை விடாது. மூளை தன் பங்கை, சாப்பாட்டுப் புரதத்தில் வரும் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்திலிருந்து தானே தயாரித்துக்கொள்கிறது.

மனச்சோர்வுக்கும் உடம்புக்கும், குடலுக்கும் தொடர்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஓயாத கவலையில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் இறங்காமல் நிற்கும். போகப் போக நோய் எதிர்ப்புச் செல்கள், அடங்கச் சொல்லும் அதன் பேச்சைக் கேட்காது, அழற்சி (எதிர்ப்புச் செல்கள் கிளப்பும் வீக்கம், எரிச்சல்) கூடும்; அதுவும் மனச்சோர்வுக்கு வழிவிடலாம். முன்பு ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் தொற்றுக்கு, எதிர்ப்பு மண்டலத்தைத் தூண்டும் இன்டர்பெரான் ஊசி போட்டவர்களில் பலருக்கு மனச்சோர்வு வந்தது இப்படி எதிர்ப்பு மண்டலம் தூண்டப்பட்டதால்தான். 2016-இல் அயர்லாந்து ஆய்வாளர்கள் மனச்சோர்வு உள்ளவர்களின் குடல் கிருமிகளை எலிகளுக்குக் கொடுத்தபோது அவையும் சோர்வின் அறிகுறிகளைக் காட்டின. எலிகள், மனிதர்கள் அல்ல.

எங்கள் சித்தப்பா பண்ருட்டிப் பக்கம். 2011 ‘தானே’ புயலில் முந்திரித் தோப்பு மொத்தமாகச் சாய்ந்த பிறகு மனசு ஒடிந்து, கடலூரில் வைத்தியம் பார்த்துத் தேறிவந்தார். அப்புறம் இதே மாதிரி ஒரு வாட்ஸ்அப் பதிவைப் படித்து ஒரே நாளில் மாத்திரையை நிறுத்தினார். நாலாம் நாள் தலைசுற்றல், தூக்கமில்லை, மண்டைக்குள் ஷாக் அடிக்கிறது என்றார். பழைய சோறு நானும்தான் சாப்பிடுகிறேன், சின்ன வெங்காயத்தோடு. மாத்திரையைக் குறைப்பதென்றால் எழுதிக்கொடுத்த டாக்டரைக் கேட்டு, மெல்ல மெல்லக் குறையுங்கள்.