196 மதிப்பெண்களும் 1,563 மாணவர்களும்

மருத்துவப் படிப்புக்கான நுழைவுத் தேர்வில் கருணை மதிப்பெண் என்றதும் நம்மவர்கள் உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்பது ஒரு கட்சி. தகுதி என்ன ஆவது என்பது மற்றொரு கட்சி. தமிழ்வழியில் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்தியவன் என்ற முறையில் எனக்கு இரண்டிலும் உடன்பாடு இல்லை. தேர்வு நடத்துபவர் செய்த பிழைக்கு மதிப்பெண்ணை அள்ளிக் கொடுப்பது தீர்வாகாது. அதே சமயம், கொடுத்ததை ரத்து செய்துவிட்டு வழக்கை முடித்து வைப்பதும் தீர்வாகாது. 2018ஆம் ஆண்டு நீட் வழக்கில் இவை இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன.

அந்த ஆண்டு மே 6 அன்று சிபிஎஸ்இ நடத்திய தேர்வில், தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளின் மொழிபெயர்ப்பு பிழையாக இருப்பதாக மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் மாநிலங்களவை உறுப்பினர் டி.கே.ரங்கராஜன் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்குத் தொடுத்தார். தமிழில் தேர்வெழுதியவர்கள் சுமார் 24,000 பேர். ஜூலை 10 அன்று நீதிபதிகள் சி.டி.செல்வம், ஏ.எம்.பஷீர் அகமது ஆகியோர், கேள்விக்கு 4 வீதம் 196 மதிப்பெண்களை அவர்கள் அனைவருக்கும் வழங்கி, இரண்டு வாரங்களுக்குள் தரவரிசைப் பட்டியலைத் திருத்தி வெளியிடுமாறு உத்தரவிட்டனர். பத்தே நாளில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. நவம்பர் 22 அன்று அந்தத் தீர்ப்பையே ரத்து செய்தது.

உயர் நீதிமன்ற உத்தரவில் கணக்கு இடித்தது உண்மைதான். தேர்வின் மொத்த மதிப்பெண் 720. ஏற்கெனவே 524க்கு மேல் பெற்ற ஒருவருக்கு 196ஐ அப்படியே கூட்டினால் மொத்தத்தையே தாண்டிவிடும். அந்த 49 கேள்விகளில் சிலவற்றுக்குச் சரியாக விடையளித்தவருக்கும், ஒன்றைக்கூடத் தொடாதவருக்கும் ஒரே அளவு கொடுப்பதில் என்ன நியாயம் என்று ஆங்கிலத்தில் எழுதிய மாணவர் கேட்டால் நம்மிடம் பதில் இல்லை. அவரும் தமிழ்நாட்டுப் பிள்ளையாக இருக்கக்கூடும், அதே அரசுக் கல்லூரி இடத்துக்குத்தான் காத்திருந்திருப்பார் என்பதை அன்று கொண்டாடியவர்கள் மறந்துவிட்டார்கள்.

ஆனால் பாதிப்பு இல்லவே இல்லை என்று சொல்வதற்கு, அந்த வினாத்தாளை ஒரு மாணவியின் இடத்திலிருந்து படித்துப் பார்க்காத மனம் வேண்டும். 'சீட்டா' என்னும் விலங்கு தமிழில் 'சீத்தா' என்று அச்சாகியிருந்தது. கிராமத்துப் பெண்ணுக்குச் சீத்தா என்றால் பழம்தான் நினைவுக்கு வரும். குழம்பியவள் பக்கத்தில் அச்சாகியிருக்கும் ஆங்கில வடிவத்துக்குப் போக வேண்டும், அதை எழுத்துக்கூட்டிப் படித்துப் பொருள் பிடிக்க வேண்டும், மீண்டும் தமிழுக்குத் திரும்பி நான்கு விடைகளையும் பார்க்க வேண்டும். அன்றைய தேர்வில் 180 கேள்விகளுக்கு 180 நிமிடங்கள். ஒரு கேள்வியில் போன நிமிடம் அடுத்த கேள்வியின் நிமிடம். ஐயம் ஏற்பட்டால் ஆங்கில வடிவமே இறுதியானது என்று விதியிலேயே எழுதியிருக்கிறோம் என சிபிஎஸ்இ வாதிட்டது. ஆங்கிலத்தைச் சரளமாகப் படிக்க முடிந்தவள் தமிழ் வினாத்தாளை ஏன் கேட்டு வாங்கப் போகிறாள்?

ஆக, அந்தப் பிள்ளைகள் முதலில் இழந்தது நேரம். நேரத்தை 196 என்று மதிப்பெண்ணாக மாற்றியதுதான் வழக்கைப் பலவீனமாக்கியது என்பது என் எண்ணம்.

நேரம் இழந்தவர்களுக்கு நிவாரணம் கிடைத்ததே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2024 நீட் தேர்வில் ஹரியாணாவின் ஜஜ்ஜர் உள்ளிட்ட சில மையங்களில் நேரம் வீணானதாகச் சொல்லி, 1,563 பேருக்குத் தேசியத் தேர்வு முகமை கருணை மதிப்பெண் வழங்கியது. 2018இல் கிளாட் சட்டத் தேர்வு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்ற, இழந்த நேரத்துக்கு மதிப்பெண் கணக்கிடும் சூத்திரத்தின்படியே வழங்கினோம் என்றது. கிளாட் கணினியில் நடந்த தேர்வு; யாருக்கு எத்தனை நிமிடம் போனது என்பது பதிவில் இருந்தது. நீட் தேர்வோ ஓஎம்ஆர் தாளில் பேனாவால் வட்டமிடுவது. அந்தச் சூத்திரத்தை இங்கே பொருத்தியதன் விளைவு ஜூன் 4 அன்று வெளிவந்த முடிவுகளிலேயே தெரிந்தது. சரியான விடைக்கு 4, தவறுக்கு ஒன்று கழிவு என்ற முறையில் 720க்கு அடுத்து வரக்கூடியவை 716, 715 மட்டுமே. சிலருக்கு 718, 719 வந்திருந்தன. பத்தாம் வகுப்புப் பையன்கூடக் கண்டுபிடிக்கக்கூடிய இந்த முரண், முடிவை வெளியிட்டவர்களின் கண்ணில் படாமல் போனது எப்படி என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

வழக்கு வந்ததும் ஜூன் 13 அன்று கருணை மதிப்பெண்ணை ரத்து செய்வதாக உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தார்கள். 1,563 பேருக்கும் இரண்டு வழிகள் தரப்பட்டன: ஜூன் 23 அன்று மறுதேர்வு எழுதலாம், அல்லது கருணை சேராத பழைய மதிப்பெண்ணை ஏற்கலாம். 813 பேர் மறுதேர்வு எழுதினார்கள். 67ஆக இருந்த முழு மதிப்பெண்காரர்கள் 61 ஆனார்கள். இதை நான் குறை சொல்ல மாட்டேன். நேரம் இழந்தவருக்கு நேரத்தையே திருப்பிக் கொடுத்த ஒழுங்கான தீர்வு இது. நடந்தது பத்தே நாளில். 2018இல் தமிழ் மாணவர்களுக்கு ஏன் இப்படி ஒரு வழி தரப்படவில்லை என்றுதான் கேட்கிறேன். 24,000 பேருக்கு மறுதேர்வு நடத்துவது 1,563 பேருக்கு நடத்துவதைவிடக் கடினம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2024இல் 23 லட்சம் பேருக்கு ஒரே நாளில் தேர்வு நடத்திய நாடு இது.

சட்டத்தில் இதற்கு வழி இல்லாமலும் இல்லை. 1983இல், உத்தரப் பிரதேச மருத்துவ நுழைவுத் தேர்வு தொடர்பான கான்பூர் பல்கலைக்கழக வழக்கில், ஒரு கேள்வி ஐயத்துக்குரியது என்று தெரியவந்தால் காலம் தாழ்த்தாமல் முடிவெடுத்து அதை மதிப்பீட்டிலிருந்தே நீக்கிவிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. யாருக்கும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். 2024இல் ஓர் அணுவியல் கேள்விக்குப் பழைய என்சிஇஆர்டி பாடநூலை நம்பி விடையளித்தவர்களுக்கும் முழு மதிப்பெண் என்று முகமை முதலில் முடிவெடுத்தது. பிறகு ஜூலையில் ஐஐடி டெல்லி நிபுணர்களின் கருத்தைப் பெற்று ஒரே விடைதான் சரி என்று நீதிமன்றம் அறிவித்தது. நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆளுக்கு 5 மதிப்பெண் இழந்தார்கள். முதலிடத்தில் 17 பேர் மிஞ்சினார்கள். கேள்வியை ஆரம்பத்திலேயே நீக்கியிருந்தால் இந்த ஏற்ற இறக்கம் எதற்கு?

 

இப்போது விடைக்குறிப்பை எதிர்த்து முறையிட, கேள்வி ஒன்றுக்கு 200 ரூபாய் கட்ட வேண்டும். அதே நாட்களில், அதே பக்கத்தில், கட்டணம் இல்லாமல் மொழிபெயர்ப்பை எதிர்த்து முறையிடவும் ஓர் இடம் ஒதுக்கட்டும். பிழை என்று உறுதியான கேள்வியை முடிவு வெளியாகும் முன்பே நீக்கட்டும். மையத்தில் தாமதமானால் அந்த நிமிடங்களை அங்கேயே, அப்போதே கூட்டிக் கொடுக்கும் அதிகாரம் கண்காணிப்பாளருக்கு இருக்கட்டும்; கொடுத்ததை அன்று மாலையே எழுத்தில் பதிவு செய்யட்டும்.